கொட்டகையில சவுண்டு போனா: ஒரு ஆபரேட்டரின் இரண்டு நிமிஷம்

இன்னைக்கு ஒரு ரிப்பேர் கதை, அதுக்குள்ளயே கொஞ்சம் வரலாறு.

1950-கள்ல ஒரு டென்ட் கொட்டகைன்னு வெச்சுக்குங்க. கீத்துக் கூரை. தரை டிக்கெட்காரங்க மணலைக் குவிச்சு மேடு கட்டி உட்கார்ந்திருக்காங்க. ஓடுறது 1952-ல வந்த 'பராசக்தி', கடைசி நீதிமன்றக் காட்சி. கூண்டுல நிக்கிற சிவாஜி வாயசைக்கிறார். ஆனா சத்தம் வரல.

முதல்ல ஒரு விசில். அப்புறம் கொட்டகை முழுக்க "சவுண்டு! சவுண்டு!"

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? அந்தப் படத்துக்கு ஜனங்க வந்ததே கருணாநிதி எழுதின வசனத்தைக் கேக்கத்தான். கதை வசனப் புத்தகம் வாங்கி மனப்பாடம் பண்ணினவங்க பலர். படம் கொஞ்சம் மங்கலா தெரிஞ்சா பொறுத்துப்பாங்க, வசனம் போனா பொறுக்க மாட்டாங்க. அடுத்து "காசைத் திருப்பிக் கொடு"ன்னு ஆரம்பிக்கும்.

கொட்டகையோட பேரையே பாருங்க: டூரிங் டாக்கீஸ். 'டாக்கீஸ்'னா பேசுற படம். ஆனா கொட்டகை சினிமா பேசும் படத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. ரயில்வேல குமாஸ்தாவா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல டுபான்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர் கிட்ட புரொஜக்டர் வாங்கி, ஊர் ஊராக் கூடாரம் போட்டு மௌனப் படம் காட்டினார். அந்தக் காலத்துல திரை பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லுவார். 1931 அக்டோபர் 31-ல 'காளிதாஸ்' வந்த பிறகு அந்த ஆளுக்கு வேலை இல்லாம போச்சு. அவர் வேலை ஒரு சின்ன பல்புக்குப் போச்சுன்னே சொல்லலாம்.

அந்த பல்புக்குப் பேரு எக்சைட்டர் லேம்ப். 35 எம்.எம். ஃபிலிம்ல படத்துக்குப் பக்கத்துலயே மெல்லிசா ஒரு கோடு ஓடும், அதான் சவுண்டு டிராக். பல்போட வெளிச்சம் ஒரு குறுகின இடுக்கு வழியா அந்தக் கோட்டைத் தாண்டி போட்டோசெல் மேல விழும். கோடு மாற மாற வெளிச்சம் கூடும், குறையும். போட்டோசெல் அதைக் கரன்ட்டா மாத்தும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி, திரைக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

படம் கேட்டுல ஒவ்வொரு ஃபிரேமா நின்னு நின்னு நகரும், செகண்டுக்கு 24. சத்தம் அப்படி நின்னு நின்னு வந்தா கேக்க முடியுமா? அதனால சவுண்டை ஃபிலிம் சீரா ஓடுற இன்னொரு இடத்துல, கேட்டுக்குக் கீழ, படிப்பாங்க. ஒரு காட்சியோட சத்தம் அதோட படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னாடியே பதிஞ்சிருக்கும். ஃபிலிமைத் தப்பா மாட்டினா வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

இப்போ கேபினுக்குள்ள போவோம். நல்ல ஆபரேட்டர் எடுத்ததும் எதையும் கழட்ட மாட்டார். ஒரு அட்டைத் துண்டை எடுத்து, எக்சைட்டர் வெளிச்சத்துக்குக் குறுக்க வேகமா ஆட்டுவார். ஸ்பீக்கர்ல 'டப் டப்'னு கேட்டா பல்பு, போட்டோசெல், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் நாலும் நல்லாருக்கு. தப்பு ஃபிலிம்ல, இல்ல அதை மாட்டின விதத்துல. 'டப்' கேக்கலைன்னா முதல்ல பல்பைப் பார்க்கணும். பெரும்பாலும் திருடன் அதுதான், மாத்த ஒரு நிமிஷம் போதும். பல்பு எரியுதுன்னா அடுத்து போட்டோசெல், அப்புறம் வால்வு, ஃபியூஸ். கடைசியா கேபின்லேந்து திரை வரைக்கும் போற ஒயர். இருட்டுல யாராவது தடுக்கி விழுந்தாங்களா, ஆடு கீடு கடிச்சுதா? (வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள்ள நூத்துக்கணக்கான வோல்ட் இருக்கும். வீட்டுல தாத்தாவோட பழைய செட் இருந்தா திறந்து கை வைக்காதீங்க.)

அமெரிக்காவுல பழைய பின்பால் மெஷின் ரிப்பேர் பண்றவங்களும் இதே வழியிலதான் போறாங்க. 1970-கள் கடைசியில வந்த வில்லியம்ஸ் எலக்ட்ரானிக் மெஷின்கள்ல சவுண்டு போர்டுலயே ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அமுக்கினா சத்தம் வருதா? அப்போ போர்டும் ஸ்பீக்கரும் சரி, கோளாறு போர்டுக்கு வர்ற சிக்னல்ல. நம்ம ஆபரேட்டருக்கு அந்த பட்டன் ஒரு அட்டைத் துண்டு, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக் கடற்கரையில இன்னொரு எதிரி உண்டு. திருப்போரூர், கோவளம், மாமல்லபுரம்னு வீசுற உப்புக்காத்து உலோகத்தை விட்டு வைக்காது. வால்வு கால்லயும் சாக்கெட்லயும் பச்சை பூத்தா சத்தம் விட்டு விட்டு வரும். வால்வைக் கழட்டி, துடைச்சு, திரும்ப அழுத்தினா சரியாகும், கொஞ்ச நாளைக்கு. கரன்ட் இல்லாத ஊர்ல ஆயில் என்ஜின்தான். என்ஜின் வேகம் குறைஞ்சா புரொஜக்டரும் தளர்ந்து, கதாநாயகி அரக்கி குரல்ல பேசுவா. ஆபரேட்டர் கேபினைத் திறந்து என்ஜின்காரரைக் கத்திக் கூப்பிடுவார். இது என்ன ரிப்பேர்ல சேரும்னு தெரியல, ஆனா வேலை செஞ்சுது.

ஃபிலிமை ஒட்டின இடத்துலயும் 'டப்'னு ஒரு சத்தம் வரும். ஒட்டுல வெளிச்சம் திடீர்னு மாறுறதால அது. அதுக்கு ஆபரேட்டர்கள் சவுண்டு டிராக் மேல முக்கோணமா கறுப்பு மை பூசுவாங்க. வெளிச்சம் மெதுவா அடங்கி மெதுவா ஏறும், 'டப்' காணாம போயிடும். நிறைய கொட்டகை சுத்தி வந்த பிரின்ட்ல இந்த முக்கோணங்களை எண்ணினாலே அது எத்தனை தடவை அறுந்துச்சுன்னு ஒரு கணக்கு கிடைக்கும்.

2005-ல சென்னையோட கியூப் வந்தப்புறம் படம் ஃபைலாயிடுச்சு. சில பழைய தியேட்டர்கள்ல அந்த புரொஜக்டரை லாபியில அலங்காரமா வெச்சிருப்பாங்க. அடுத்த தடவை இன்டர்வெல்ல பாப்கார்ன் வாங்கப் போகும்போது நின்னு பாருங்க. லென்ஸுக்குக் கீழ ஒரு சின்ன உருளை, அதை ஒட்டி ஒரு சின்ன மூடி இருக்கும். மூடிக்குள்ளதான் அந்த பல்பு.