திருநெல்வேலி அத்தியட்சர் பதவியும் அதன் வரலாற்றுப் பாடமும்

புதிய ஏற்பாட்டில் காணப்படும் ‘எப்பிஸ்கோப்பொஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை நம் தமிழ் வேதாகமம் ‘கண்காணி’ என்று பெயர்த்துள்ளது. பவுல் அப்போஸ்தலன் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெற்றபோது அவர்களுக்கு நினைவூட்டிய பொறுப்பும் இதுவே. ஆனால் இப்பணி ஆங்கிலிக்கன் வடிவில் இந்தியாவிற்கு வந்தபோது, மேய்ப்பனின் கோலோடு அரசனின் முத்திரையையும் ஏந்தி வந்தது. இவ்விரண்டில் எது ஒருவரை அத்தியட்சராக்குகிறது என்னும் வினா, திருநெல்வேலி அத்தியட்சாதீனத்தின் வரலாறு நெடுகிலும் தொடர்கின்றது.

அரச சாசனத்தின் அத்தியட்சர்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1813-இல் புதுப்பிக்கப்பட்டபொழுது, கல்கத்தாவில் ஓர் அத்தியட்சரை நியமிக்க வழி திறந்தது. அடுத்த ஆண்டு தாமஸ் மிடில்டன் அபிஷேகம் பெற்றார். இந்தியா முழுவதும் அவரது ஆளுகைக்குட்பட்டிருந்தது. எனினும், இந்தியருக்குக் குருப்பட்டம் அளிக்க அரச சாசனம் தமக்கு அதிகாரம் தரவில்லை என்று கருதி, அதைச் செய்யாமலே அவர் மரித்தார். கண்காணி இருந்தார், ஆனால் இந்நாட்டு மந்தைக்கு இந்நாட்டு மேய்ப்பரை ஏற்படுத்த அவர் கைகள் நீளவில்லை.

அவருக்குப்பின் வந்த ரெஜினால்டு ஹீபர் இத்தடையை நீக்கினார். யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த தமிழரான கிறிஸ்தியான் தாவீதுக்கு 1824-இல் அவர் குருப்பட்டம் அளித்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் ஹீபர் திருச்சிராப்பள்ளியில் காலமானார். சென்னைக்கென்று தனி அத்தியட்சராக தானியேல் காரி வந்தது 1835-இல்.

அத்தியட்சருக்கு முன்னரே சபை

திருநெல்வேலிச் சபையோ அத்தியட்சரை எதிர்பார்த்துக் காத்திருந்து பிறந்ததன்று. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய சிற்றாலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இப்பகுதியில் பணிசெய்த சத்தியநாதன் 1790-இல் லுத்தரன் முறைப்படியே குருவானார். அத்தியட்சரின் கரங்கள் அவர் தலைமேல் வைக்கப்படவில்லை. ஆயினும் அவரது ஊழியத்தின் கனியை மறுப்பார் எவருமில்லை.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயரின் காலத்தில் இவ்வேறுபாடு பிணக்காக முற்றியது. உபதேசியார்களை லுத்தரன் முறையிலேயே குருக்களாக்க வேண்டும் என்பது அவர் நிலை. அத்தியட்சரின் கரத்தால்தான் அது நடைபெற வேண்டும் என்பது சர்ச் மிஷனெரி சங்கத்தின் நிலை. இதனோடு ஆங்கிலத் திருச்சபையை விமர்சித்து அவர் எழுதியதும் சேர்ந்து, 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. சபைகள் இரண்டுபட்டன. ஒற்றுமையின் அடையாளமென்று நாம் போற்றும் பதவியைப் பற்றிய கருத்து வேறுபாடே, அன்று பிரிவினைக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

இரு சங்கங்கள், இரு அத்தியட்சர்கள்

சபைகள் பெருகவே, தொலைவிலுள்ள சென்னை அத்தியட்சரின் மேற்பார்வை போதாதாயிற்று. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் இருவர் அபிஷேகம் பெற்றனர். ஒருவர் எஸ்.பி.ஜி. சங்கத்தைச் சேர்ந்த இடையன்குடி கால்டுவெல். மற்றவர் சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த பாளையங்கோட்டை சார்ஜன்ட். இருவரும் சென்னை அத்தியட்சரின் உதவி அத்தியட்சர்களே. தனி ஆசனம் எவருக்கும் இல்லை. ஒரே ஜில்லாவில், ஒரே ஜெப புத்தகத்தைக் கையாண்ட மக்களுக்குச் சங்கத்திற்கு ஒருவராக இரு கண்காணிகள்! இருவரும் உத்தம ஊழியர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லையை வகுத்தது சபையன்று, சங்கமே என்பதையும் நாம் மறைக்கலாகாது.

சார்ஜன்ட் 1889-இலும், கால்டுவெல் 1891-இலும் மறைந்தனர். 1896-இல் திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளுக்கென்று தனி அத்தியட்சாதீனம் அமைந்து, சாமுவேல் மார்லி முதல் அத்தியட்சரானார். இரு சங்கங்களின் சபைகளும் ஒரே கண்காணியின்கீழ் வந்தன.

நாற்பத்தோராண்டு இடைவெளி

இனி நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. திருநெல்வேலிச் சபை 1903-இல் தனக்கென்று ஒரு மிஷனெரி சங்கத்தை நிறுவி, தெலுங்கு நாட்டிற்கு ஊழியரை அனுப்பியது. அவ்வாறு சென்றவர்களுள் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் ஒருவர். 1912 டிசம்பர் 29 அன்று அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. ஆனால் அவரைப் பெற்றெடுத்த திருநெல்வேலியின் ஆசனத்திலோ வில்லியம்ஸ், வாலர், டப்ஸ், வெஸ்டர்ன், ஸ்டீபன் நீல், செல்வின் என ஆங்கிலேயரே தொடர்ந்து அமர்ந்தனர். 1953-இல்தான் அகஸ்டின் ஜெபராஜ் அதன் முதல் இந்தியப் பேராயரானார். பிறர்க்கு அத்தியட்சரை அளித்த சபை, தனக்கொரு மகனைப் பெற நாற்பத்தோராண்டு காத்திருந்தது.

இதற்கிடையே அரச முத்திரையும் அகன்றது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1930 மார்ச் 1 முதல் இந்தியத் திருச்சபை இங்கிலாந்தின் ஆளுகையினின்று விடுபட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ரேனியுஸ் காலத்தில் சபையைப் பிரித்த அதே வினாவிற்கு, இவ்வைக்கியம் பொறுமையான விடை கண்டது: இனி நிகழும் குருப்பட்டங்கள் பேராயர் கரத்தால்; முன்னரே வேறு முறையில் பட்டம் பெற்ற குருக்களோ மறுபடியும் பட்டம் பெறவேண்டியதில்லை. பேராயர் பணி காக்கப்பட்டது; பிறர் ஊழியமும் மறுக்கப்படவில்லை.

2003-இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்து தனித்தியங்கலாயிற்று. எல்லைகள் மாறுவது புதிதன்று, இனியும் மாறக்கூடும். ஆனால் எல்லை வகுக்கும்போதும், பேராயரைத் தெரிந்தெடுக்கும்போதும், நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. நாம் தேடுவது மந்தையை மேய்ப்பவரையோ, நம் பிரிவின் உரிமையைக் காப்பவரையோ? அன்று மன்னரும் சங்கங்களும் வகித்த இடத்தில் இன்று கட்சிகளையும் குலங்களையும் நாம் அமர்த்துவோமானால், முத்திரை மாறியதேயன்றிக் கண்காணிப்பு விடுதலை பெறவில்லை என்றே பொருள்படும். குருத்துவ ஊழியத்திற்கு ஆயத்தப்படும் நம் மாணவர்கள் இவ்வரலாற்றைப் பெருமைக்காக மட்டுமன்று, எச்சரிப்புக்காகவும் கற்பார்களாக.