யோபுவின் கதையைக் கேட்டவர்



தவக்காலம் வந்தால் நம் பங்குகளில் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. ‘சாமி, நாங்க என்ன பாவம் செஞ்சோம், எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?’ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோது, கடன் வாங்கி வைத்த லேத் மிஷின் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். இந்தக் கேள்வியோடு இறைநம்பிக்கையின் வாசலுக்கு வந்த ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறார். அவர் புனித தேவசகாயம்.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலர். வசதிக்குக் குறைவில்லை. பிறகு வீட்டில் இழப்புகள் தொடங்கின. கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. மனமொடிந்து நின்றவரிடம் காரணம் கேட்டவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த டச்சுப் படைத்தலைவர் அவர். கத்தோலிக்கர். நீலகண்டனுக்கு அவர் சொன்னது யோபுவின் கதை.

இங்கே சற்று நிற்போம். சொன்னவர் யார்? அவரே கைதியாக வந்தவர்தான். போரில் தோற்றவர், சொந்த ஊருக்குத் திரும்ப வழியில்லாதவர். நாம் பெரும்பாலும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்கிறோம். யோபுவின் நண்பர்கள் செய்ததும் அதுதான். நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்றார்கள். ஆண்டவர் கடைசியில் கடிந்துகொண்டது அந்த நண்பர்களையே. சாவு வீட்டில் போய், கடவுள் சித்தம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வருகிற நமக்கும் (குருக்களைச் சேர்த்தே சொல்கிறோம்) அந்தக் கண்டிப்பு பொருந்தும். யோபு நூல் துன்பத்துக்குக் காரணம் சொல்வதில்லை. துன்புறுகிறவன் எல்லாம் பாவி என்ற கணக்கை மட்டும் அது உடைத்துப் போடுகிறது. நீலகண்டனுக்கு அந்த விடுதலையே போதுமாயிருந்தது.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். பகைக்கு அதுவும் காரணம். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டு, 1910இல்தான் அது இடிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அரசத் துரோகம் என்று குற்றம் சாட்டி அவரைக் கைது செய்த நாள் 1749 பிப்ரவரி 23. நாட்காட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 6. அப்படியானால் கைதான நாள் தவக்காலத்தின் முதல் ஞாயிறு! நமக்கு நாற்பது நாளில் முடிகிற தவக்காலம் அவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீண்டது. அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்ததாக மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். முட்டிடிச்சான்பாறை இன்றும் திருப்பயணத் தலம். நமக்கோ அந்த நீரைவிட அந்தத் தாகமே அதிகம் பேசுகிறது.

அவருடைய துன்பங்கள் இரண்டு வகை. மாடு மடிந்தது கேட்காமல் வந்தது. பின்னர் வந்த அடிகளையோ, ஒரே ஒரு வார்த்தையால் அவர் தவிர்த்திருக்கலாம். பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறேன் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. முதல் வகைத் துன்பத்தை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. நோய்க்கு மருந்து தேடுவோம், சம்பளம் தராத முதலாளியிடம் உரிமையைக் கேட்போம், குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் பொறுத்துப் போ என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டாம். அது சிலுவை அல்ல, அநீதி. ஆண்டவர் கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்றுதான் முதலில் மன்றாடினார். அன்புக்காகவும் உண்மைக்காகவும் விலகாமல் நிற்பதால் வருகிற துன்பம் வேறு. தேவசகாயம் அதை ஏற்றுக்கொண்டார்.

யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எலும்புகளைச் சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் பொறுக்கி எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரிலிருந்து சாதிப் பட்டமும் நீங்கியிருந்தது.

யோபுவின் மனைவி, கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போ என்றாள். ஞானப்பூ அப்படிச் சொல்லவில்லை. கணவர் கொல்லப்பட்ட பின் நாட்டை விட்டு வடக்கன்குளத்துக்கே போய்த் தங்கினார், கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். இந்த வெள்ளி மாலை சிலுவைப்பாதையில் நான்காம் நிலைக்கு வரும்போது அவரையும், நம் தெருவில் தனித்து வாழும் கைம்பெண்களையும் நினைத்து ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லுவோம்.