ஈசாக்கு உயிரோடிருந்த நாற்பத்துமூன்று ஆண்டுகள்

கொடுமுடியில் காவிரிக் கரைக்கு நீர்க்கடன் செலுத்த வருவோர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பர். பெயர்கள் நினைவில் நிற்கின்றன. அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தனர், எவர் இறந்தபோது எவருக்கு என்ன வயது என்பவை பெரும்பாலும் நில்லா. ஆதியாகமத்தின் ஆசிரியரோ ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் மூன்று தலைமுறையையும் ஆண்டுக் கணக்கோடு எழுதிவைத்திருக்கிறார். பிரசங்க பீடத்தில் அவ்வெண்களை வாசித்துக் கடந்துவிடுவதே நம் வழக்கம். ஆனால் அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவருக்கு, நாம் நன்கறிந்த 27ஆம் அதிகாரம், ஈசாக்கின் ஆசீர்வாதம் பறிபோன வரலாறு, வேறொரு தோற்றத்தில் விளங்கும்.

கணக்கு யோசேப்பிடமிருந்து தொடங்குகிறது. பார்வோனுக்கு முன்பாக நின்றபோது யோசேப்புக்கு வயது 30 (ஆதி. 41:46). அதன்பின் விளைச்சல் மிகுந்த 7 ஆண்டுகளும் பஞ்சத்தின் 2 ஆண்டுகளும் சென்றபின் அவன் தன் சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தினான் (45:6). அப்பொழுது அவனுக்கு வயது 39. அக்காலத்தில் எகிப்துக்கு வந்த யாக்கோபு தனக்கு 130 வயது என்று பார்வோனிடம் கூறுகிறான் (47:9). ஆகவே யோசேப்பு பிறந்தபோது யாக்கோபுக்கு வயது 91. லாபானிடம் பெண்களுக்காகச் செய்த 14 ஆண்டு ஊழியம் முடிந்த சமயத்தில் யோசேப்பு பிறந்தான் என்பது 30:25, 31:41 ஆகிய வசனங்களால் பெறப்படும். எனவே யாக்கோபு ஆரானுக்குச் சென்றபோது 77 வயதினன். அவன் பிறந்தபோது தந்தைக்கு வயது 60 (25:26). கண் மங்கிய ஈசாக்கு மூத்த மகனை அழைத்து வேட்டைக்கு அனுப்பிய நாளில் அவனுக்கு வயது 137 என்பது இதனால் தெளிவாகும்.

137 என்ற எண் தற்செயலானதன்று எனத் தோன்றுகிறது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100. இஸ்மவேல் 137 ஆண்டு வாழ்ந்து இறந்தான் (25:17). எனவே தன் ஒன்றுவிட்ட தமையன் இறந்து 14 ஆண்டுகள் கழிந்தபின், அதே வயதை எட்டிய நிலையில், ஈசாக்கு தன் மரண நாள் இன்னதென்று அறியேன் என்கிறான். தமையன் மாண்ட வயது தம்பியின் மனத்தில் ஓர் எல்லைக்கல்லாக நிற்பதை நம் சபைகளின் முதியோரிடமும் காணலாம். ஈசாக்கின் அச்சம் பொய்யன்று. ஆனால் அவன் எண்ணியது நிகழவில்லை. அவன் 180 ஆண்டு வாழ்ந்தான் (35:28). இறக்கப்போகிறேன் என்று நினைத்து விருந்து கேட்டவன் அதன்பின் 43 ஆண்டுகள் உயிரோடிருந்தான்.

இக்கணக்கை எல்லாரும் ஒப்புவதில்லை. ஏசா ஏத்தியப் பெண்களை மணந்தபோது அவனுக்கு 40 வயது என்பதை 26ஆம் அதிகாரத்தின் இறுதியில் படித்த கையோடு 27க்கு வருகிறவருக்கு, இடையில் 37 ஆண்டுகள் கழிந்தன என்பது வியப்பாகவே இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் எபிரெய அறிஞர் பென்யமின் கென்னிகட், 31:38இல் வரும் இருபது ஆண்டும் 31:41இல் வரும் இருபது ஆண்டும் வெவ்வேறானவை என்று கொண்டு, யாக்கோபு லாபானிடம் 40 ஆண்டு தங்கினான் என்றும், ஆரானுக்குச் சென்றபோது 57 வயதினன் என்றும் கணித்தார். யூதாவின் பேரர் எகிப்துக்குச் சென்றோர் பட்டியலில் (46:12) இடம்பெறுவதற்குப் போதிய காலம் வேண்டும் என்பது இக்கணிப்புக்கு ஆதரவான காரணங்களுள் ஒன்று. இதனை ஏற்போமானால் இஸ்மவேலின் வயதோடு கண்ட பொருத்தம் மறைந்துவிடும். ஆனால் ஈசாக்கு காத்திருந்த காலம் 43லிருந்து 63 ஆகிவிடும்! மூல ஆய்வாளரோ, வயதுக் கணக்குகளிற் பெரும்பாலானவை குருமரபைச் சேர்ந்தவை என்றும், அம்மரபில் யாக்கோபு தப்பி ஓடவில்லை, பெண் கொள்ளவே அனுப்பப்பட்டான் என்றும் (28:1-9) கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் இரு மரபுகளையும் இணைத்து நம் கையில் தந்தவர் எண்ணத் தெரியாதவர் அல்லர். இறுதி வடிவத்தை வாசிக்கும் சபைக்கு அவர் விட்டுச்சென்ற கணக்கு இதுவே.

இவ்வாண்டுகளை உலக வரலாற்றின் குறிப்பிட்ட ஆண்டுகளோடு பொருத்த முற்படுவது வேறு செயல். பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட நூலில் படைப்பை கி.மு. 4004 என வரையறுத்தார். அவர் கணித்த ஆண்டுகள் 1701 முதல் ஆங்கில விவிலியத்தின் ஓரங்களில் அச்சாயின. அத்தகைய வரையறைக்குப் புறச்சான்று இல்லை. குடும்பத்துக்குள் யாருக்கு யார் மூத்தவர், எது எதற்கு முன் என்னும் உட்கணக்கு மட்டுமே இங்கு நமக்குப் போதும்.

இந்த உட்கணக்கு நம் பார்வைக்குத் தப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆதியாகமம் ஒரு தலைமுறையின் மரணத்தை எழுதி முடித்தபின்னரே அடுத்த தலைமுறையின் கதையைத் தொடங்கும். 25ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் அடக்கம் முதலிலும் இரட்டையர் பிறப்பு பின்னரும் வருகின்றன. ஆனால் ஈசாக்குக்கு 75 வயதானபோதுதான் ஆபிரகாம் இறந்தார், அதாவது ஏசாவும் யாக்கோபும் 15 வயதுவரை பாட்டனைக் கண்டு வளர்ந்தவர்கள். தேராகின் மரணமும் (11:32) இவ்வாறே முன்னதாக எழுதப்பட்டுள்ளது. சமாரிய ஐந்நூல் அவன் வயதை 205 என்னாது 145 எனக் கூறுவதும், அப்போஸ்தலர் 7:4இல் ஸ்தேவான் தந்தை மரித்தபின் ஆபிரகாம் புறப்பட்டதாகச் சொல்வதும் மாணவர் அறிந்தவையே. அச்சிக்கலுக்குள் இங்கு நுழைய வேண்டுவதில்லை. ஈசாக்கின் மரணம் 35இலும், யோசேப்பு விற்கப்பட்டது 37இலும் உள்ளன. காலத்தால் விற்பனையே முந்தியது. ஈசாக்கு அதன்பின் 12 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அந்த 43 ஆண்டுகளில் நடந்தவற்றைக் காண்போம். ரெபெக்காள், தமையனின் கோபம் தணியும்வரை சிற்சில நாட்கள் லாபானிடம் தங்கும்படி மகனுக்குச் சொல்கிறாள் (27:44). எபிரெயத்தில் அது யாமீம் அஹாதீம் என்னும் தொடர். ராகேலுக்காக உழைத்த 7 ஆண்டுகள் யாக்கோபுக்கு எவ்வாறு தோன்றின என்று கூறும் 29:20இலும் அதே தொடர் வருகிறது. தாய் சொன்ன சில நாட்கள் 20 ஆண்டுகள் ஆயின. அவன் திரும்பி வந்தபோது தாய் இருந்தாளா என்பதைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லை; அவளுடைய தாதியாகிய தெபொராளின் மரணம் 35:8இல் குறிக்கப்பட்டிருக்க, ரெபெக்காளின் மரணம் எங்கும் குறிக்கப்படவில்லை. மக்பேலா குகையில் அவள் அடக்கம்பண்ணப்பட்டாள் என்பதை மட்டும் யாக்கோபு தன் மரணப் படுக்கையில் நினைவுகூர்கிறான் (49:31).

யாக்கோபு 97ஆம் வயதில் கானானுக்குத் திரும்பினான். 11 ஆண்டுகள் கழித்து, இரத்தம் தோய்ந்த அங்கி அவனிடம் கொண்டுவரப்பட்டது. வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலை அணிந்து தந்தையை ஏமாற்றியவனை அவன் மக்கள் வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தால் ஏமாற்றினர். இதனைப் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்நாளில் 168 வயதான ஈசாக்கு உயிரோடிருந்தான் என்பது. யோசேப்பை யாக்கோபு அனுப்பியது எபிரோன் பள்ளத்தாக்கிலிருந்து (37:14); ஈசாக்கு தங்கியிருந்ததும் எபிரோனே (35:27). 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, 37:35இல் அழுத தந்தை யாக்கோபு அல்லன், ஈசாக்கே, மகனின் துயரங் கண்டு அழுதான் என்று பழைய மரபையொட்டி உரை கூறுகிறார். இலக்கணத்தின்படி இது வலிந்து கொண்ட பொருளே. ஆயினும் ராஷி கணக்குப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு முதியவர் இருந்ததை அவர் மறக்கவில்லை. பானபாத்திரக்காரன் யோசேப்பை மறந்திருந்த ஈராண்டு காலத்தில், யோசேப்பு 29 வயதினனாய்ச் சிறையிலிருக்கையில், ஈசாக்கு கண்மூடினான். பேரன் பிழைத்திருப்பதை அவன் அறியவில்லை.

இக்கதையைக் கொங்கு நாட்டுச் சபைகளில் எடுத்துரைப்போருக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இங்கு குடும்ப வழக்கு என்பது பெரும்பாலும் நிலமும் நீரும் பற்றியது. பவானியில் தொடங்கிக் கொடுமுடிக்கருகே ஆவுடையார்பாறையில் முடியும் காளிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. தன் ஆதாயத்துக்காகவே வெட்டினான் என்ற பேச்சு எழாதிருக்க, தன் வழித்தோன்றல்கள் அந்நீரைப் பயன்படுத்தலாகாது எனக் காளிங்கராயன் ஆணையிட்டு ஊத்துக்குளிப் பக்கம் குடிபெயர்ந்தான் என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி. ஏசேக்கு, சித்னா என்னும் துரவுகளை விட்டுக்கொடுத்து ரெகொபோத்துக்கு நகர்ந்த ஈசாக்கும் (26:20-22) அவ்வியல்பினனே. அயலாரிடம் அத்துணைப் பொறுமை காட்டியவன் தன் வீட்டுக் காரியத்தில் அவசரப்பட்டான். மனைவியைக் கலக்காமல், இளையவனை அழைக்காமல், ஒருவனை மட்டும் தனியே கூப்பிட்டான்.

உயிலுக்கும் செட்டில்மெண்டுப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் சபை மூப்பர்கள் நன்கறிவர். உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றலாம். எழுதிக் கொடுத்துவிட்ட செட்டில்மெண்டை எளிதில் திரும்பப் பெற முடியாது. ஈசாக்கு உயில் எழுதும் மனநிலையில் பேசினான். அவன் வாயிலிருந்து புறப்பட்டதோ திரும்பப் பெற முடியாததாயிற்று. ஈராக்கின் கிர்குக் அருகே 1925 முதல் 1931 வரை அகழப்பட்ட நூசி நகரின் களிமண் பலகைகளில், நான் முதிர்வயதானேன் என்ற பொருள்பட ஒரு தந்தை மகனுக்கு வாய்மொழியாகச் சொன்னது வழக்குமன்றத்தில் செல்லுபடியானதைச் சுட்டி, ஸ்பைசர் என்னும் அறிஞர் 27:2ஐ விளக்கினார். 1974இல் தாமஸ் தாம்சனும் 1975இல் வான் சேட்டர்ஸும் இத்தகைய ஒப்புமைகள் மிகையாகக் கையாளப்பட்டன எனக் காட்டியபின் எச்சரிக்கை தேவையாயிற்று. ஒப்புமை நிற்பினும் வீழினும், தன் சொல்லை மீட்க இயலாது நடுங்கிய கிழவனின் நிலை (27:33) நமக்குப் புரியாததன்று. அந்நிலையில் அவன் ஒரு நாளன்று, 43 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இவ்வாண்டுகளைத் தண்டனையாக மட்டும் கொள்ளுவது சரியன்று. ஏசா தன் இருதயத்தில் செய்துகொண்ட தீர்மானம் 27:41இல் உள்ளது: தந்தைக்காகத் துக்கிக்கும் நாட்கள் சமீபித்தன, அவை வந்ததும் தம்பியைக் கொல்வது. தந்தை உயிரோடிருக்கையில் கைநீட்டமாட்டான் என்ற அளவில் ஏசாவிடமும் ஒரு மரியாதை இருந்தது. அவனும் தந்தையைப் போலவே நாட்கள் சிலவே என்று நினைத்தான். ஈசாக்கின் உயிர் போகாமல் நின்றதே யாக்கோபுக்கு அரணாயிற்று. அந்த அரணுக்குள் 20 ஆண்டுகள் கழிந்தபின் ஏசா 400 பேரோடு தம்பியை எதிர்கொண்டு வந்து, ஓடிச் சென்று, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான் (33:4). துக்க நாட்கள் அதன்பின்னும் வரவில்லை. மேலும் 23 ஆண்டுகள் சென்றன.

அவை வந்தபோது இரட்டையர் இருவருக்கும் வயது 120. ஆபிரகாமின் அடக்கத்தில் ஈசாக்கின் பெயர் முன்னும் இஸ்மவேலின் பெயர் பின்னுமாக எழுதியவர் (25:9), ஈசாக்கின் அடக்கத்தில் ஏசாவை முன்னும் யாக்கோபைப் பின்னுமாக எழுதுகிறார் (35:29). தம்பியைக் கொல்லக் குறித்து வைத்திருந்த நாளில் ஏசா அவனோடு நின்று தகப்பனைப் புதைத்தான். மந்தைகள் மிகுந்து அந்நிலம் இருவரையும் தாங்காமற்போனதால், அவன் தன் மனைவிமாரையும் மக்களையும் ஆடுமாடுகளையும் கூட்டிக்கொண்டு சேயீர் மலைக்குப் போய்க் குடியேறினான் (36:6-8).