பூப்பந்து விதிகளும் நடுவர்களும் – ஒரு வரலாறு



சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டு நாளில் நடந்த பூப்பந்து இறுதியாட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெரட்டுக் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கம்பங்களில் வலை கட்டி ஆடினார்கள். அடியேன்தான் நடுவர். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து பின்கோட்டருகே விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்த ஆறாம் ஆண்டு மாணவி, உள்ளே என்றும் காட்டவில்லை, வெளியே என்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் தன் கண்களை மூடிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. “புள்ள பயந்து அழுவுது” என்றார் ஒருவர்.

என் கண்ணுக்கும் அந்த இடம் சரியாகப் படவில்லை. ஆகவே அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னேன். புள்ளி தனக்குத்தான் என்று நம்பியிருந்த பையன் அதை இழந்தான், ஆட்டத்தையும் இழந்தான். அவன் தகப்பனார் களத்துக்குள் வந்து, “உள்ளதான் விழுந்துச்சு சார், நான் பாத்தேன்! பார்க்கத் தெரியாத புள்ளைய ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்டார். அப்போதுதான் அந்த மாணவி உண்மையாகவே அழுதாள்.

அவள் செய்தது விதிப்படி சரி. தப்பு என்னுடையது. விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, பார்க்க வந்த உங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

இறகு செருகிய பந்தைத் தட்டி விளையாடுவது பல நாடுகளில் மிகப் பழைய வழக்கம். அதற்கு நடுவே வலை கட்டிப் போட்டியாக்கியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் பூனா நகரில் தங்கியிருந்த ஆங்கிலேயப் பட்டாள அதிகாரிகள். அதனால் முதலில் இதற்குப் ‘பூனா’ என்றே பெயர். காற்று பலமாக வீசும் நாளில் இறகுப் பந்துக்குப் பதிலாகக் கம்பளி உருண்டையை வைத்து ஆடுவார்களாம். தமிழ்நாட்டில் இன்றும் பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தாட்டம்தான். நாம் பூப்பந்து என்பதை அங்கே இறகுப்பந்து என்பார்கள். ஊர் திரும்பிய அதிகாரிகள் 1870-களில் இந்த ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே பியூஃபோர்ட் பிரபுவுக்குச் சொந்தமான ‘பேட்மிண்டன்’ மாளிகையின் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் கிளப்புக்கு ஒரு விதி என்று ஆடினார்கள். விதி வேறுபட்டால் சண்டைதானே வரும்? 1893-ஆம் ஆண்டில் இங்கிலாந்து பேட்மிண்டன் சங்கம் தோன்றி ஒரே விதிமுறையை வெளியிட்டது. அந்தக் காலத்து ஆடுகளம் உடுக்கை போல் நடுவில் ஒடுங்கியிருந்தது. 1901-இல்தான் நாம் இன்று காணும் நீள்சதுரம் ஆயிற்று. 1934-இல் அனைத்துலகப் பேட்மிண்டன் சம்மேளனம் அமைந்தது. அன்று அதைத் தொடங்கிய ஒன்பது நாடுகளில் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் 2005-இல் அந்தச் சம்மேளனத்தின் தலைமையகமே நம் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது!

அதற்கு நாம் தகுதியானவர்கள்தாம். 1949-இல் முதன்முதலாக நடந்த தாமஸ் கிண்ணப் போட்டியில், இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் டென்மார்க்கை 8–1 என்று வென்றது மலாயா. அகில இங்கிலாந்து ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை 1950 முதல் 1957 வரை எட்டு ஆண்டுகளும் மலாயா வீரர்களான வோங் பெங் சூன், எடி சூங் ஆகிய இருவரே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இனி விதிகளுக்கு வருவோம். களத்தின் நீளம் 44 அடி. அகலம் இரட்டையருக்கு 20 அடி, ஒற்றையருக்கு 17 அடி. வலையின் உயரம் நடுவில் 5 அடி, கம்பத்தருகே 5 அடி 1 அங்குலம். பந்துக்கு 16 இறகுகள். கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு. இதை முதலில் மனத்தில் வையுங்கள். பாதிச் சண்டை தீரும்.

நடுவர் “லவ் ஆல், பிளே” என்பார். ‘லவ்’ என்றால் இங்கே பூச்சியம். இரு பக்கமும் புள்ளி இல்லை, ஆடுங்கள் என்று பொருள். ‘ஃபால்ட்’ என்றால் பிழை. ‘சர்வீஸ் ஓவர்’ என்றால் பந்து போடும் உரிமை எதிர்ப்பக்கம் போகிறது. ‘லெட்’ என்றால் அந்தப் புள்ளி செல்லாது, மறுபடி ஆட வேண்டும். முன்பு சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. பெண்கள் ஒற்றையருக்கு 11, மற்றவற்றுக்கு 15 என்று கணக்கு. நம் பெரியவர்கள் ஆடியது அப்படித்தான். 2006-இல் இது மாறி, யார் சர்வீஸ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி, 21 எடுத்தால் ஒரு செட் என்று ஆனது. 20-க்கு 20 வந்தால் இரண்டு புள்ளி முந்த வேண்டும். 29-க்கு 29 வந்தால் முப்பதாவது புள்ளி எடுத்தவருக்கு வெற்றி.

ஒரு விதி பிறக்க நம் நாட்டவரே காரணம். 1980-களின் தொடக்கத்தில் மிஸ்புன் சீடேக்கும் அவர் தம்பிமாரும் சர்வீஸ் போடும்போது பந்தின் இறகுப் பக்கத்தை மட்டையால் தட்டுவார்கள். பந்து குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே வரும். எதிரில் நிற்பவர் திணறிப் போவார். ‘எஸ் சர்வீஸ்’ என்று பேர் பெற்ற இதைச் சம்மேளனம் தடை செய்தது. பந்தின் அடிக்கட்டையில்தான் மட்டை முதலில் பட வேண்டும் என்பது அதனால் வந்த சட்டம். சர்வீஸ் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதியிலும் ஓயாத வாக்குவாதம் இருந்தது. ஆளுக்கு ஆள் இடுப்பு வேறல்லவா? 2018-இல் தரையிலிருந்து 1.15 மீட்டர் என்று அளவே வைத்துவிட்டார்கள்.

இவற்றைக் கண்காணிப்பவர் யார் யார்? உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து புள்ளி சொல்பவர் நடுவர், அதாவது அம்பயர். அவருக்கு எதிரே சிறு நாற்காலியில் இருப்பவர் சர்வீஸ் நடுவர். கோடுகளின் நேரே அமர்ந்திருப்பவர்கள் கோட்டு நடுவர்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலே போட்டி முழுவதற்கும் பொறுப்பானவர் ரெப்ரி. மஞ்சள் அட்டை எச்சரிக்கை. சிவப்பு அட்டை காட்டினால் எதிரிக்குப் புள்ளி. கறுப்பு அட்டை என்றால் போட்டியை விட்டே வெளியேற வேண்டும்.

கோட்டு நடுவருக்கு மூன்று சைகைகள் உண்டு. பந்து வெளியே என்றால் உரக்க “அவுட்” என்று சொல்லி இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். உள்ளே என்றால் வாய் திறக்காமல் வலக்கையால் கோட்டைக் காட்ட வேண்டும். பந்து விழுந்தது கண்ணுக்கு மறைந்துவிட்டால் இரு கைகளாலும் கண்களை மூடிக்காட்ட வேண்டும். அப்போது அம்பயர் முடிவு சொல்வார். அவரும் பார்க்கவில்லை என்றால் ‘லெட்’. அந்த மாணவி செய்தது இதுதான். “நான் பார்க்கவில்லை” என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டாள்.

நடுவர் சொல்லைக் கூட்டம் மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1967-இல் ஜகார்த்தாவில் தாமஸ் கிண்ண இறுதிப் போட்டி. மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதின. மலேசியா 4–3 என்று முந்தியிருந்தது. இங் பூன் பீ – டான் யீ கான் ஜோடி ஆடிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் கூச்சல் கட்டுக்கடங்காமல் போயிற்று. ரெப்ரி ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மீதியை நியூசிலாந்தில் ஆட வேண்டும் என்றது சம்மேளனம். இந்தோனேசியா மறுத்தது. 6–3 என்று கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது. கிண்ணம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த ஆட்டம் இன்றுவரை ஆடி முடிக்கப்படாத ஆட்டம். வென்றவருக்கும் தோற்றவருக்கும் அது ஒரு குறைதானே?

ஆட்டக்காரரே விதியை ஏமாற்றினாலும் தப்ப முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றில் சுலபமான எதிரி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு மகளிர் இரட்டையர் ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. சீனா, இந்தோனேசியா, தென்கொரியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த எட்டுப் பேர்! 2014 முதல் பெரிய போட்டிகளில் கோட்டைப் பார்க்கக் கேமராவும் வந்துவிட்டது. நம் பெரட்டுக் களத்துக்குக் கேமரா வரப்போவதில்லை. நமக்கு இருப்பது பிள்ளைகளின் கண்ணும், அவர்கள் நாணயமும்தான்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அன்று யாரும் அவளைத் திட்டியிருக்க மாட்டார்கள். அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். இவ்வாண்டுப் பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. ஆகவே இந்த மலரிலாவது அவளுக்கு என் பாராட்டைச் சொல்லி வைக்கிறேன்.

அந்தத் தகப்பனாரைச் சந்தித்து இதையெல்லாம் விளக்கினேன். இவ்வாண்டு ஆட்டத்துக்குப் பின்கோட்டருகே நாற்காலி போடுகிறேன், வந்து உட்காருங்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “எனக்கும் தெரியலேன்னா கண்ணை மூடிக்கலாமா சார்?” என்றார்.

தாராளமாக மூடிக்கொள்ளலாம். நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம்.