பறவையிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து மனிதனுக்கு... புது ஃப்ளூ வைரஸ் உருவாவது எப்படி?

2024 மார்ச் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் பால் பண்ணைகளில் மாடுகள் தீவனம் எடுக்கவில்லை. கறந்த கொஞ்சப் பாலும் சீம்பால் மாதிரி கெட்டியாக இருந்தது. பரிசோதித்தால், எச்5என்1. அதாவது பறவைக் காய்ச்சல்! மாட்டுக்கு இது வரும்னு யாரும் எதிர்பார்க்கவில்லை. சில நாட்களிலேயே டெக்சாஸில் மாடுகளோடு பழகிய ஒருவருக்கும் தொற்று உறுதியானது. கண் சிவந்தது மட்டும்தான் அவருக்கு இருந்த அறிகுறி.

பறவைக்கு வர்ற வைரஸ் எப்படி இப்படித் தாவுகிறது?

பூட்டும் சாவியும்

இந்த வைரஸ்களின் சொந்த வீடு வாத்து போன்ற நீர்ப்பறவைகள்தான். எச்சம் வழியாகக் குளத்துத் தண்ணீரில் கலந்து, அங்கிருந்து கோழிப் பண்ணைக்கு வருகின்றன. பெயரில் உள்ள 'எச்', 'என்' இரண்டும் வைரஸின் மேற்புறத்தில் இருக்கும் புரதங்கள். இதில் எச் என்பது சாவி மாதிரி. செல்லில் அதற்கேற்ற பூட்டு இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும்.

பறவையின் பூட்டு வேறு, நம் மூக்கு, தொண்டையில் இருக்கும் பூட்டு வேறு. பறவை வகைப் பூட்டு நமக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால்தான் எச்5என்1 மனிதருக்கு அரிதாகவே தொற்றுகிறது. ஆழத்தில் போய் ஒட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். 1997-ல் ஹாங்காங்கில் பாதிக்கப்பட்ட 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். ஆனால் இருமல், தும்மல் வழியாக அடுத்தவருக்கு இது சுலபமாகப் பரவியதில்லை. மாட்டு விஷயத்தில் என்ன நடந்தது? அதன் மடியிலேயே பறவை வகைப் பூட்டு நிறைய இருக்கிறதாம்!

சாவி எப்படி மாறும்?

வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழைகள் வரும். பெரும்பாலானவை வீண். எப்போதாவது ஒன்று, புதுப் பூட்டுக்குப் பொருந்திவிடும்.

இன்னொரு வழிதான் விஞ்ஞானிகளைத் தூங்கவிடாதது. ஃப்ளூ வைரஸின் மரபுப் பொருள் 8 தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லில் இரண்டு வகை வைரஸ் நுழைந்தால், இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் குலுக்கியது போல துண்டுகள் கலந்து புது வைரஸ் பிறக்கும். பன்றிக்கு இரண்டு வகைப் பூட்டும் உண்டு என்பதால் அங்கே இந்தக் கலப்பு எளிது. 2009-ல் மெக்சிகோவில் தொடங்கி உலகம் சுற்றிய எச்1என்1 பன்றிக் காய்ச்சல் அப்படிப் பிறந்ததுதான். அதில் பறவை, மனிதன், பன்றி மூன்றின் துண்டுகளும் இருந்தன.

மனித உடலிலும் இது நடக்கலாம். சாதாரண ஃப்ளூ இருக்கும் பண்ணைத் தொழிலாளிக்கு, பறவைக் காய்ச்சலும் சேர்ந்து வந்தால்? பண்ணையில் வேலை செய்பவர்களை வழக்கமான ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்வது இதற்காகத்தான்.

சிக்கன், முட்டை, பால் ஓகேவா?

நன்றாக வேகவைத்தால் பயமில்லை. 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் அழிந்துவிடும். பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே நமக்குச் சாதகம். டெக்சாஸ் பண்ணையில் பச்சைப் பால் குடித்த பூனைகள் செத்துப்போயின.

கோழியோ காக்கையோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பண்ணையில் வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் தன் வேலையைச் சொல்லிவிட வேண்டும். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை, முதல் 2 நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.