அக்காவின் இடுப்பும் ஊராட்சியின் கணக்கும்

என்னை வளர்த்தவள் என் அக்கா. அம்மா பெற்றாள், பால் கொடுத்தாள், விடிந்ததும் மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். மற்ற நேரமெல்லாம் நான் அக்காவின் இடுப்பில் இருந்தேன். நான் பிறந்த 1983இல் அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சில நாட்கள் என்னையும் தூக்கிக்கொண்டே பள்ளிக்குப் போயிருக்கிறாள். நான் அழ ஆரம்பித்தால் வகுப்பு நின்றுவிடும். “பிள்ளையை விட்டுட்டு வா, இல்லன்னா வராத” என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள். அன்றோடு அவள் படிப்பு முடிந்தது. இதை அக்கா யார் மேலும் குறையாகச் சொன்னதில்லை. அந்த வருஷம் மழை அதிகம் என்பதுபோலச் சொல்வாள்.

நான் படித்தேன், மலையிறங்கினேன், வேலைக்குப் போனேன். ஊராட்சிகளின் வரவு செலவைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. எங்கள் மலையில் பிள்ளை வளர்ப்புக்கு யார் செலவு செய்தார்கள்? அரசாங்கமா, ஊராட்சியா, அக்காவா?

கொல்லிமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வரும். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் வரும். இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையே ஓர் ஊராட்சி ஒன்றியம். அதில் 14 கிராம ஊராட்சிகள். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு என்று எல்லாமே பழைய நாட்டுப் பெயர்கள். அந்த நாடுகளுக்குக் கூட்டம் இருந்தது, ஊர்க்கவுண்டர் இருந்தார், நிலத் தகராறும் கல்யாணத் தகராறும் அங்கே தீர்ந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பேசியதாக என் ஆயா சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது அங்கே ஒரு வழக்காகவே வந்திருக்காது.

சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த காலத்தில் பெண்கள் சொந்தக் காட்டில்தான் பெரும்பாலும் வேலை செய்தார்கள். பலா மரத்துக் கிளையில் தூளி கட்டினால் களையெடுத்துக்கொண்டே ஆட்டிவிடலாம். பிறகு மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கியது. மலையில் சிறுதானியக் காடுகள் மரவள்ளிக் காடுகளாக மாறின. கையில் காசு புழங்கியது, கூலி வேலை பெருகியது. அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவள் தன் இஷ்டத்துக்குத் தூளி கட்ட முடியாது. பிள்ளையை வீட்டில் விட வேண்டும். வீட்டில் இருந்தது மூத்த பெண்.

தேயிலைத் தோட்டங்களில் கதை வேறு. இலங்கை மலையகத்தில் ‘பிள்ளைமடுவம்’ என்ற சொல்லே உண்டு. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும், ஆகவே பிள்ளையை இறக்கிவைக்க ஓர் இடம் தோட்டத்துக்கே தேவைப்பட்டது. இந்தியாவிலும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு இருந்தது. இரண்டும் முதலாளியைத்தான் பொறுப்பாக்கின. அரை ஏக்கர் மிளகும் ஒரு ஏக்கர் மரவள்ளியுமாக இருக்கிற எங்கள் மலையில் முதலாளி என்று யாரைக் காட்டுவது? முதலாளி இல்லாத பெண்ணுக்குக் காப்பகம் தர வேண்டியது அரசாங்கம்தான். 1988இல் இலா பட் தலைமையிலான தேசிய ஆணையம் தன் ‘ஸ்ரம்சக்தி’ அறிக்கையில், அமைப்புசாராத் தொழில்களில் உழைக்கும் பெண்களின் இந்தத் தேவையை எடுத்துச் சொன்னது.

அரசாங்கம் எங்கள் பக்கம் வராமலே இல்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளோடு நிற்காமல், இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் குழந்தைகள் மையத்தில் சோறு போட்டது. வீண்செலவு என்று அன்று நிறைய பேர் எழுதினார்கள். எங்கள் ஊருக்கு அது பால்வாடியாக வந்தது. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். பால்வாடியில் சமைப்பவரும் ஆயாதான். சோற்றின் சூடும் தட்டின் சத்தமும் இன்னும் நினைவிருக்கிறது. பெண்களுக்கு அரசாங்கச் சம்பளம் வாங்கித்தந்த முதல் வேலையாகப் பல கிராமங்களில் அது இருந்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் சாப்பிட்ட சோறு அது.

ஆனால் வயதைக் கவனியுங்கள். இரண்டு வயதில்தான் பால்வாடி என்னை எடுத்துக்கொண்டது. அதற்குள் அக்காவுக்குப் பதினொன்று ஆகிவிட்டது. திரும்பப் பள்ளிக்குப் போயிருக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். “அதுக்குள்ள தம்பி பொறந்துட்டான்ல” என்றாள்.

பிறந்ததிலிருந்து இரண்டு, மூன்று வயதுவரையிலான அந்தப் பருவத்தை அரசாங்கம் பார்த்த விதத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் பள்ளிமுன் பருவக் குழந்தைகள் பற்றிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மீனா சுவாமிநாதன். 1972இல் வந்த அந்த அறிக்கையின் அடித்தளத்தில் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று அங்கன்வாடி என்று நாம் அறிவது அதைத்தான். 1980இல் தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனோடு இன்னொரு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அது ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை குறைந்தால் சத்துருண்டை கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் எடை போட்ட பிறகு பிள்ளை மறுபடி அக்காவின் இடுப்புக்குத்தான் திரும்பியது. கைக்குழந்தைக்கு எடையும் தடுப்பூசியும் சத்துமாவும் அரசாங்கத்தின் பொறுப்பு, அதைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு என்று ஒரு கோடு விழுந்தது. குடும்பம் என்று எழுதினாலும் படிக்க வேண்டியது பெண் என்றுதான்.

1992இல் அன்றைய சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கொல்லிமலையும் அப்போது சேலம் மாவட்டம்தான். நாமக்கல் 1997இல் பிரிந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்றது அரசாங்கம். சமவெளியில் நடந்த பெண்சிசுக் கொலைகளுக்கு அது கண்ட பதில். அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு தொட்டில் தோன்றும். பெண் குழந்தையை விட்டுவிட்டுப் போக ஒரு தொட்டில் வைக்கப் பொதுப்பணத்தில் வழி இருந்தது. காலையில் விட்டுவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு போக ஒரு தொட்டில் எங்கள் ஊரில் இல்லை.

1993 ஏப்ரல் 24 அன்று 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளின் பட்டியலில் 25ஆவதாக மகளிர், குழந்தைகள் வளர்ச்சி இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள். ஊர்க்கவுண்டர் உட்கார்ந்த அதே நாட்டுப் பெயர்களில் பெண்கள் தலைவர்களானார்கள். பட்டியலில் துறை இருக்கிறது, நாற்காலியில் பெண் இருக்கிறாள். பணம் எங்கே இருக்கிறது?

ஓர் அங்கன்வாடிக்குள் மூன்று பணப்பைகள் இருக்கின்றன. பணியாளர், உதவியாளர் ஊதியம் குழந்தை வளர்ச்சித் துறையின் வழியே, மாவட்டத்திலிருந்து வருகிறது. உணவுச் செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்த இரண்டிலும் ஊராட்சிக்குக் கை இல்லை. மூன்றாவது பை கட்டிடம். அதுதான் ஊராட்சியையும் ஒன்றியத்தையும் தொடும் பை. 2022இல் வந்த விதிப்படி ஒரு அங்கன்வாடிக் கட்டிடத்துக்கு 12 லட்சம் ரூபாய். அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் நிதிக்குழு மானியத்திலிருந்து, 2 லட்சம் மத்திய அமைச்சகத்திலிருந்து. ஆகவே ஊராட்சி பிள்ளைகளுக்காகச் செலவழிப்பது என்றால் சுவர், கூரை, கழிப்பறை, வர்ணம். சுவருக்குள் யார் இருப்பார், எத்தனை மணி நேரம் இருப்பார், எந்த வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வார் என்பதை ஊராட்சி முடிவு செய்ய முடியாது.

ஊராட்சி விரும்பினாலும் கையிருப்பு குறைவு. எங்கள் மலையில் வீட்டுவரி சொற்பம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மிச்சத்தில்தான் மற்றதெல்லாம். கைக்குழந்தைகளுக்கென்று 2006இல் வந்த ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டமும் சமூகநல வாரியம் போன்ற அமைப்புகள் வழியாகத்தான் நடந்தது. 2017இல் செலவு மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 30, தொண்டு நிறுவனத்துக்கு 10 என்று பிரிந்தது. இந்தக் கூட்டலில் ஊராட்சி என்ற எண்ணே இல்லை.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. 2005 ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னது: வேலைத்தளத்துக்குப் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளாவது வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும், அவருக்கும் அதே கூலி தர வேண்டும். பிள்ளை பார்ப்பது கூலிக்குரிய வேலை என்று ஒரு சட்டம் சொன்னதைப் படித்த நாளில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

2022 ஆகஸ்ட் 15 கிராமசபையில் அந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டேன். வரவு செலவு வாசித்து முடித்திருந்தார்கள்: மோட்டார் பழுது, தெருவிளக்கு, குழாய், அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர். செயலர் பொறுமையாகவே பதில் சொன்னார். “சைட்டுக்குக் கொழந்தைங்களே வர்றதில்லைங்களே. வந்தா போட்டுடலாம்.”

உண்மைதான், வருவதில்லை. நிழல் இல்லாத, கல் பொறுக்கும் இடத்துக்கு எந்த அம்மா பிள்ளையைத் தூக்கி வருவாள்? வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். பிள்ளை வராததால் பார்ப்பவர் இல்லை, பார்ப்பவர் இல்லாததால் பிள்ளை வருவதில்லை. பதிவேட்டில் தேவை பூஜ்யம்.

கூட்டம் முடிந்ததும் தலைவரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். “எனக்கு மூணு புள்ளைங்க கண்ணு. மூத்தவதான் ரெண்டையும் வளத்தா. இப்படி ஒண்ணு கேக்கலாம்னு எனக்கே தோணல பாரு” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செலவே இல்லாமல் நடக்கிற வேலைக்கு யாரும் நிதி கேட்பதில்லை. மூத்த பெண்ணின் பள்ளிக்கூடம்தான் அந்தச் செலவு என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.

இது ஊராட்சியால் ஆகாத காரியமும் இல்லை. கேரளம் 1990களின் நடுவில் அங்கன்வாடிகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கச் சொன்னது. கர்நாடகம் 2023-24 நிதிநிலை அறிக்கையில் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’, அதாவது குழந்தையின் வீடு, என்ற காப்பகங்களை அறிவித்தது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். கூலி வேலை உறுதித் திட்டத்திலிருந்து. எங்கள் ஊரில் காகிதத்தில் கிடந்த அதே பிரிவுதான் அங்கே ஒரு வீடாயிற்று. வெகுதூரத்தில் ஸ்வீடனில் நகராட்சிகள் உள்ளூர் வரியில் காப்பகம் நடத்துகின்றன. பெற்றோர் கட்டும் கட்டணத்துக்கு 2002 முதல் உச்சவரம்பு உண்டு. பணக்கார நாடு, உண்மை. ஆனால் பக்கத்து மாநிலம் பணக்கார நாடு அல்ல.

தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மலைப்பகுதியில் 150 பேர் வாழும் சிற்றூருக்கும் குறு அங்கன்வாடி கேட்கலாம் என்று விதி இருக்கிறது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள இடத்தில் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்றது. கட்டிடமும் சோறும் கேட்டுப் பெற நமக்குத் தெரிந்துவிட்டது. கைக்குழந்தைக்கு ஓர் ஆளும், அந்த ஆளுக்குக் கூலியும், அம்மாவின் வேலை நேரத்துக்குப் பொருந்தும் நேரமும் கேட்பதுதான் மிச்சம். அதைக் கேட்க வேண்டிய இடம் கிராமசபை. கேட்டு எழுதவைத்தால்தான் பதிவேட்டில் பூஜ்யம் மாறும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மருமகள் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தாள். எட்டு மாதப் பேத்தி அக்காவின் இடுப்பில். இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் தூக்குகிறாள். கர்நாடகத்துக் குழந்தை வீட்டைப் பற்றிச் சொன்னேன். எந்தத் திட்டம், யார் பணம் என்று அவள் கேட்கவில்லை.

“காலைல எத்தன மணிக்குத் தொறப்பாங்க? அம்மாக்காரி காட்டுலருந்து வர்ற வரைக்கும் வச்சிருப்பாங்களா?” என்றாள்.