சீலையும் சொல்லும்

தெற்குத் திருவிதாங்கூரின் வரலாற்றைப் பேசப் புகும் எவரும் தோள்சீலைப் போராட்டத்தைத் தொடாமல் கடக்க இயலாது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்கான அப்போராட்டத்தைப் பற்றி நம்மிடம் அரசாணைகள் இருக்கின்றன. மிஷனரிகளின் கடிதங்கள் இருக்கின்றன. சந்தைவெளியில் சீலை கிழிக்கப்பட்ட பெண்ணின் சொல்லை மட்டும் அவற்றில் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

ஆணைகளைச் சற்று ஊன்றிப் படித்தால் இது விளங்கும். 1814ஆம் ஆண்டு கர்னல் மன்றோவின் ஆணை, மதம் மாறிய பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1829ஆம் ஆண்டுப் பிரகடனமும் மேல்சீலையை மறுத்தது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனமோ, முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி உடுத்தலாம், எவ்வகையிலும் மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல ஆகாது என்றது. துணியின் வடிவத்தை விவாதித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உடுத்துபவளிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எழுத்தறிவு இன்மையே இதன் முதற்காரணம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, திண்டின் மேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ் வேலையையும் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு சில பெண்கள் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. தன்னைத்தானே விலைகொடுத்து மீட்ட அந்தப் பெண்ணின் மனநிலை எத்தகையது? அதை அவளே எழுதியிருந்தால், தமிழின் மகத்தான தன்வரலாறுகளுள் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது, தமிழில் ஒரு தலித் பெண் தன் வாழ்வைத் தன் வழக்கிலேயே எழுதிக்காட்டினார். இம்மண்ணிலிருந்து மலர்வதி எழுதிய 'தூப்புக்காரி' 2012இல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றது. அது நாவல்தான், தன்வரலாறு அன்று. ஆயினும் துப்புரவுப் பணியாளரின் வாழ்வை, குமரி மாவட்டப் பேச்சுமொழியிலேயே, அவ்வாழ்வை அருகிருந்து அறிந்த ஒருவர் எழுதினார் என்பது சிறிய செய்தி அன்று. பிறர் எழுதிய அறிக்கையில் ஓர் எண்ணிக்கையாக இருந்தவள், இங்கே கதை சொல்பவளாக மாறுகிறாள்.

மறைந்துபோன குரல்களை இனி மீட்க இயலாது. ஆனால் முந்திரி ஆலையிலும், மீன் சந்தையிலும் உழைத்து மூத்த பெண்கள் இன்றும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டு எழுதிவைப்பது நம் கடன். இல்லையேல் நூறாண்டு கழித்து வருபவனும் நம்மைப் போலவே வெறும் ஆணைகளைப் புரட்டிக்கொண்டிருப்பான்.